அரமும் எண்ணும்

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அந்நகரின் பொறியாளர் மன்றத்தில் கட்டுரையும் படித்தார். எந்திரம் கடைந்த உறுப்புகள் ஒன்றுபோல் இருக்கும், ஒரு துப்பாக்கியில் பழுதுபட்ட உறுப்புக்கு மற்றொன்றினதை எடுத்துப் பொருத்தலாம் என்ற புகழ் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1853இல் தேம்ஸ் கரையில், பிம்லிகோவில், அவரது தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது, 1856இல் மூடப்பட்டது. இடையில் ஆங்கில நாடாளுமன்றக் குழுவொன்று 1854இல் படைக்கல உற்பத்தியை ஆராய்ந்தபோது, நீராவிச் சம்மட்டி கண்ட நாஸ்மித் அத்தொழிற்சாலையை வியந்து சான்று பகர்ந்தார்.

வியப்பில் பாதி நியாயமே. ஆயின் எந்திரம் உறுப்பை ஏறக்குறைய உருவாக்கியதே அன்றி முடித்துத் தரவில்லை. முடித்தது அரம் பிடித்த கை. சுத்தியலை இழுக்கையில் உருளை ஓர் அறை அளவு சுழன்று, அவ்வறை குழலுக்கு நேராக நின்று பூட்டிக்கொள்ளவேண்டும். தள்ளும் நாவு, தடுக்கும் பூட்டு, உருளையின் பள்ளம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறிந்திருந்தாலொழிய இது நிகழாது. ஒரே வாய்பாட்டுச் சொல்லாயினும், ஒரு வெண்பாவிற் பிடுங்கி மற்றொன்றில் வைத்தால் தளை பிசகாவிடினும் எதுகை பிசகுவதைப் புலவர் அறிவர்.

ஆகவே உறுப்புகளை இளகிய நிலையிலேயே அராவிக் கூட்டினர். பின் பிரித்துத் தீயிலிட்டுத் தோய்த்துக் கடினமாக்கினர். பிரிந்தவை மீண்டும் தம் துணையிடமே சேரவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணைப் பொறித்தனர். துப்பாக்கியை அடையாளம் காண ஓர் எண் போதும். குழலைச் சட்டத்தோடு இறுக்கும் சிறு ஆப்புக்குக்கூட எண் ஏன்? முற்றிலும் மாற்றத்தக்க உறுப்புகளாயின் இவ்வுழைப்பு வீணன்றோ? டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளியிட்ட ஆய்வு நூல், கோல்ட்டின் உறுப்புகள் அவர் புகழ் கூறுமளவு மாற்றத்தக்கனவாக இருந்ததில்லை எனக் காட்டியது. புதிய உறுப்பு வாங்கியவர் அதனைக் கம்மியனிடம் கொடுத்து அராவியே பொருத்த நேர்ந்தது.

அரம் பிடித்தோர் பெயரைத் துப்பாக்கி சொல்வதில்லை. குழலின் மேல் இருப்பது கோல்ட்டின் பெயர். எண்கள் மட்டும் எஞ்சின. பழம்பொருள் சேகரிப்போர் இன்று அவற்றையே முதலில் பார்க்கின்றனர். எல்லா எண்ணும் ஒத்திருந்தால் விலை உயரும். எளிதில் கழன்று தொலைவதால், ஆப்பின் எண்தான் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.