பெயர் மாறிய குளிசை

உடல் மெலியக் குளிசை விழுங்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1887 இல் பேர்லின் நகரில் எடெலியானு என்னும் இரசாயன அறிஞர் ஆக்கிய அம்பெற்றமைன், பின்னாளில் பசியடக்கும் மருந்தாக அமெரிக்காவிற் பரவிற்று. 1960களில் 'ஒபெற்றோல்' என்ற மெலிவுக் குளிசை அங்கே விற்பனையாயிற்று. இவ்வகை மருந்துகளுக்கு அடிமையானோர் பெருகவே, 1971 இல் அரசு கடுங்கட்டுப்பாடு விதித்தது.

அக்குளிசையே கலவை திருத்தப்பெற்று, 1996 இல் 'அடெரோல்' என்னும் பெயருடன் கவனக்குறைபாட்டுக்கு மருந்தாயிற்று. உரியவர்க்கு அது நன்மருந்தே. ஆயின், மெலிவு வேண்டிச் சகமாணவரிடம் அதனைப் பெற்று உண்ணும் அங்குள்ள இளையோர், பாட்டிமார் பட்ட துன்பத்தையே மீண்டும் தேடுகின்றனர். உறக்கம் கெடும், இதயம் படபடக்கும், அடிமைத்தனமும் நேரும். பெயர் மாறினும் மருந்தின் இயல்பு மாறாது. வளரும் பிள்ளைக்குப் பசி பகையன்று. அதனைக் கொல்வதே பகை.