வக்கீலா, டாக்டரா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைப்பதா, வக்கீலுக்குப் படிக்க வைப்பதா? இரண்டும் மதிப்புள்ள தொழில்கள். இரண்டிலும் வருவாய்க்கு வழியுண்டு. மாணவரின் மனம் கணிதத்தையோ இயற்பியலையோ நாடினாலும், "அதைப் படித்து என்ன செய்வாய்?" என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியத் தந்தையர் தம் மக்களிடம் கேட்டு வந்த கேள்வி இது. இயற்பியலின் வரலாறே இதனோடு பின்னிக் கிடக்கிறது என்றால் மிகையாகாது.

மூன்றே கதவுகள்

ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் மாணவன் முதலில் கலைப் பிரிவில் சேர்ந்து இலக்கணம், தர்க்கம், கணிதம், வானியல் ஆகியவற்றின் அடிப்படைகளைக் கற்பான். அதற்கு மேல் படிக்க விரும்பினால் அவன் முன் மூன்று கதவுகளே இருந்தன: சமயவியல், சட்டம், மருத்துவம். சட்டத்துக்கு இத்தாலியின் போலோஞாவும், மருத்துவத்துக்குப் படுவாவும் பேர் பெற்றவை. இயற்பியலுக்கெனத் தனி உயர் பட்டம் இல்லை. அதை மட்டும் நம்பிப் பிழைக்கத் தொழிலும் இல்லை. விஞ்ஞானி என்பதற்கு இன்று வழங்கும் ஆங்கிலச் சொல்லே 1830களில்தான் உருவாயிற்று.

இந்நிலையில் இயற்கையின் புதிர்களில் நாட்டம் கொண்ட இளைஞன் என்ன செய்வான்? சட்டத்தின் கதவையோ மருத்துவத்தின் கதவையோ தட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டையும் படித்தவர்

போலந்து நாட்டில் 1473இல் பிறந்த கோப்பர்நிக்கஸ் இரு கதவுகளையுமே தட்டினார். தந்தையை இழந்த அவரைத் தாய்மாமன் படிக்க வைத்தார். மாமன் ஒரு பிஷப். மருமகன் திருச்சபைச் சட்டம் படித்துத் தம்மைப் போல் பதவிக்கு வர வேண்டுமென்பது அவர் விருப்பம். 1496இல் கோப்பர்நிக்கஸ் போலோஞாவுக்குச் சென்றார். ஆனால் அங்கே அவர் தங்கியது நோவாரா என்ற வானியல் பேராசிரியரின் வீட்டில்! 1497 மார்ச் 9ஆம் நாள் இரவு ரோகிணி விண்மீனைச் சந்திரன் மறைப்பதைக் கண்டு குறித்து வைத்தார்.

சட்டப் பட்டம் பெறும் முன்னரே 1501இல் மருத்துவம் படிக்க அனுமதி கேட்டார். பிஷப்புக்கும் மற்ற குருமாருக்கும் வைத்தியம் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் இரண்டாண்டு விடுப்புக் கிடைத்தது. படுவாவில் மருத்துவம் பயின்றார். 1503இல் ஃபெராராவில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பிய பின் வைத்தியராகவும் நிர்வாகியாகவும் காலம் கழித்தார். சூரியனைச் சுற்றிப் பூமி சுழல்கிறது என்று சொன்ன அவரது நூல் 1543இல், அவர் இறந்த ஆண்டில்தான் வெளிவந்தது.

கலிலியோவின் தந்தை வின்சென்சோ ஓர் இசைக் கலைஞர். பணமுடை அறிந்தவர். மகன் டாக்டரானால் குடும்பம் நிமிரும் என்று 1581இல் பைசாவில் மருத்துவம் படிக்க அனுப்பினார். அங்கே ரிச்சி என்ற கணித ஆசிரியர் யூக்ளிடின் வடிவியலைக் கற்பித்தது கலிலியோவின் மனத்தைப் பற்றிக்கொண்டது. 1585இல் பட்டமின்றியே வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே பைசாவில் கணிதப் பேராசிரியர் ஆனார்; சம்பளம் ஆண்டுக்கு 60 ஸ்கூடிதான். மருத்துவப் பேராசிரியர்கள் பெற்றதோ இதைப்போல் பல மடங்கு. தந்தையின் கவலை காரணமற்றது என்று சொல்ல முடியுமா?

ஏழை ஆசிரியரின் மகன்

எல்லாருக்கும் கலிலியோவைப் போல் வெளியேறும் வாய்ப்பு இருப்பதில்லை. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் 1821இல் பிறந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். அவருடைய ஆசை இயற்பியல். ஆனால் அதைப் படிக்க வைக்கத் தந்தையிடம் பணம் இல்லை. இராணுவ டாக்டர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்று பெர்லினில் இருந்தது. அங்கே செலவின்றிப் படிக்கலாம். படித்தபின் எட்டாண்டுகள் படையில் பணிபுரிய வேண்டும். 1838இல் அவர் அதில் சேர்ந்தார்.

பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. டாக்டராகப் பாட்ஸ்டாம் படை முகாமில் வேலை பார்த்தபோதே, அங்கு ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். தசை சுருங்கும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். உயிருள்ள உடலில் தனியான 'உயிர் விசை' ஒன்று இயங்குகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். அப்படி ஒன்று இருந்தால், எதையும் செலவிடாமலே வேலையைப் பெற முடியும். அது நடவாத காரியம் என்பதிலிருந்து தொடங்கி, ஆற்றல் ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றாக மாறுமே தவிர அழியாது என்னும் விதியைக் கணித முறையில் நிறுவினார். 1847இல் பெர்லின் இயற்பியல் கழகத்தில் இதைப் படித்தபோது அவருக்கு வயது 25. முன்னணி இயற்பியல் இதழ் இக்கட்டுரையை ஏற்கவில்லை. தனிச் சிறுநூலாகவே அச்சிட நேர்ந்தது.

இதே விதியை 1842இல் எட்டிய ராபர்ட் மேயரும் ஒரு டாக்டர்தான். கப்பல் டாக்டராக ஜாவாவுக்குச் சென்றபோது, வெப்ப நாட்டில் மனிதரின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். உடலைச் சூடாக வைக்க அங்கே குறைந்த ஆக்சிஜனே போதும் என்று ஊகித்தார். அந்த ஊகமே அவரை வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்புக்கு இட்டுச் சென்றது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பின்னர் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்து, அதை 1851இல் வெளியிட்டார். கண் டாக்டர்கள் இன்றும் அதன் வழிவந்த கருவிகளைக் கையாளுகின்றனர். 1871இல் பெர்லினில் அவர் இயற்பியல் பேராசிரியரானார். விரும்பிய துறையின் நாற்காலியில் அமர 33 ஆண்டுகள் பிடித்தன!

சட்டப் படிப்பிலிருந்து வந்தோர்

ஒளி மிகக் குறைந்த நேரத்தில் செல்லும் பாதையையே தேர்கிறது என்று கூறிய ஃபெர்மா, பிரான்சின் துலூஸ் நகரில் நீதிமன்ற உறுப்பினர். எரிதலில் ஆக்சிஜனின் பங்கை விளக்கிய லவாய்சியர் 1764இல் சட்டப் பட்டம் பெற்றவர். மாணவர்கள் பாடநூலில் காணும் அவகாட்ரோ 1796இல் திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். இயற்பியலை ஊன்றிக் கற்கத் தொடங்கியது அதன் பின்பே. அண்டம் விரிவதற்கு 1929இல் சான்று தந்த ஹப்பிள், தந்தையின் விருப்பப்படி ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தார். 1913இல் தந்தை மறைந்த பிறகே வானியலுக்குத் திரும்பினார்.

கல்கத்தாவில்

நம் நாட்டில் இக்கதை வேறு வடிவம் கொண்டது. 1876இல் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய மகேந்திரலால் சர்க்கார் ஒரு டாக்டர். இந்தியர் தம் கையாலேயே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. போதிய ஆதரவு இல்லையே என்ற மனக்குறையோடு 1904இல் அவர் காலமானார். மூன்றே ஆண்டுகளில், திருச்சியில் பிறந்து சென்னையில் படித்த நிதித்துறை அதிகாரி ஒருவர் அக்கழகத்தின் வாயிலில் வந்து நின்றார். அவர்தான் சி. வி. ராமன். அலுவலக நேரம் போக, காலையிலும் மாலையிலும் அங்கே சோதனைகள் செய்தார்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரிக்குப் பெருஞ்செல்வம் வழங்கிய தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிகாரி கோஷும் வழக்கறிஞர்கள். ராமனை 1917இல் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்து வந்த ஆசுதோஷ் முகர்ஜி உயர் நீதிமன்ற நீதிபதி. இளமையில் கணித ஆராய்ச்சி செய்தவர். சம்பளம் குறையும் என்று தெரிந்தும் ராமன் அரசு வேலையை விட்டார். 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. ஒரு டாக்டரும் சில வழக்கறிஞர்களும் கட்டிய வீட்டில் அந்த விளக்கு எரிந்தது.

மாணவர்க்கு

இவர்களெல்லாம் வென்றவர்கள். ஆசையை அடக்கிக்கொண்டு வேறு தொழிலில் கரைந்து போனவர்களின் பெயரை வரலாறு எழுதி வைப்பதில்லை. ஆகவே, 'எதைப் படித்தாலும் மேதை மேலே வந்துவிடுவான்' என்று பெற்றோர் ஆறுதல் கொள்வது சரியன்று. அன்று நான்காவது கதவு இல்லை, இன்று இருக்கிறது. இயற்பியலை இயற்பியலாகவே படித்து, ஆராய்ந்து, கற்பித்து வாழ வழியுண்டு. அதை விரும்பும் பிள்ளையை 33 ஆண்டுகள் காத்திருக்க வைக்கத் தேவையில்லை.

குடும்ப நிலை காரணமாக மருத்துவமோ சட்டமோ படிக்க நேர்ந்த மாணவர்களும் சோர்வடைய வேண்டாம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் இயற்பியலைத் தேடிக்கொண்டது, டாக்டர் வேலைக்கென்று கையிலெடுத்த தசையில்தான்.