கட்கிப் போரும் ஓர் ஈயக் குண்டும்

சென்ற மழைக்காலத்தில் நம் காலனிச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, எதிர்வீட்டுச் சிறுவன் சாம்பல் நிற உருண்டை ஒன்றைக் கொணர்ந்து, "மாமா, இது கோலிக்குண்டா?" என்று வினவினான். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. மளிகைக் கடைத் தராசில் 31 கிராம் நின்றது. குறுக்களவோ பதினேழரை மில்லிமீட்டர்.

அது கோலியன்று, துப்பாக்கிக் குண்டு. கும்பினிச் சிப்பாய்கள் தாங்கிய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் குழல்வாய் 19 மில்லிமீட்டர். அதற்குரிய ஈயக் குண்டுகளை ராத்தலுக்குப் பதினான்காக வார்ப்பர். நெடுநாள் மண்ணிற் கிடந்த ஈயம் வெண்சாம்பல் பூக்கும். சுடப்பட்டு எதிலேனும் மோதியது தட்டையாகிவிடும். எங்கள் குண்டு முழு உருண்டை. யாரோ கைதவற விட்டது போலும்!

1817 நவம்பர் 5ஆம் நாள் பிற்பகல், இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் பெரும்படை பாபு கோகலேயின் தலைமையில் கட்கிக்கு அருகே கர்னல் பர் நடத்திய கும்பினிப் படையை எதிர்த்தது. நம் அடுத்த ஸ்டேஷனான தாபோடியில் அப்போது போர்டு என்னும் ஆங்கிலேயரின் கீழ் ஒரு பட்டாளம் இருந்தது. சம்பளம் பேஷ்வாவுடையது, கட்டளை ஆங்கிலேயருடையது! அப்பட்டாளம் அன்று கும்பினியின் பக்கம் சேர்ந்துகொண்டது. அதனைத் தாக்கச் சென்ற மோரோபந்த் தீட்சித் களத்திலே மாண்டார். அம்மாதமே புனே வீழ்ந்தது. 1818 ஜூனில் பாஜிராவ் சரணடைந்தார்.

ஆயினும் இவ்வொரு குண்டைக் காட்டி, "கசார்வாடியில் போர் நடந்தது" என்று மார்தட்டலாகாது. அவ்வகைத் துப்பாக்கி பின்னரும் பல்லாண்டு வழக்கில் இருந்தது. கட்கியிலோ பாசறை நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில் 1876இல் நிகழ்ந்த போரின் களத்தை, 1984இல் உலோகங்காட்டும் கருவி கொண்டு ஆராய்ந்தனர். ஒவ்வொரு ரவையும் கிடந்த இடத்தைப் படத்திற் குறித்தபின்னரே, யார் எங்கு நின்று சுட்டனர் என்பது துலங்கிற்று. இடம் அறியாத குண்டு பழைய இரும்புக் கடைக்குரிய ஈயமே.

நீண்டு, அடிப்புறம் குழிந்த ஈய ரவையாயின் அது 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கியின் காலத்தது எனலாம். மேலே வேற்றுலோக உறை போர்த்த ஒல்லியான ரவை அதற்கும் பிற்பட்டது. கட்கியில் தோட்டாத் தொழிற்சாலை 1869 முதல் இருப்பதால், இப்பக்கத்தில் பித்தளைத் தோட்டா அகப்படுவதும் வியப்பன்று.

இரண்டு நாள் கழித்து அப்பையன் அத்தகைய பித்தளைத் தோட்டா ஒன்றைச் சுத்தியலுடன் எடுத்துவந்தான். எனக்குக் குலை நடுங்கிற்று. முனையில் ரவை அப்படியே செருகியிருந்தது. அடித்தட்டின் நடுவிலுள்ள சிறுமூடியில் பள்ளம் விழவில்லை. சுடப்படாத தோட்டா! எத்தனை துருவேறினும் உள்ளே மருந்து உயிரோடிருக்கக்கூடும். தட்டவோ, சூடாக்கவோ, தேய்த்துத் துலக்கவோ கூடாது. உரிமமின்றி வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சுத்தியலைப் பிடுங்கி, தோட்டாவைத் தரையில் வைக்கச் செய்து, பிள்ளைகளை அப்புறப்படுத்திப் போலீசாருக்குச் சொல்லியனுப்பினோம். அவர்கள் வந்து எடுத்துச் சென்றனர்.

ஈயக் குண்டு மட்டும் ஒரு டப்பாவில் இருக்கிறது. "கிழக்குச் சுவர், வேப்பமரத்திலிருந்து ஒன்பது அடி, மூன்றடி ஆழம்" என்று அச்சிறுவனே சீட்டெழுதி உள்ளே வைத்திருக்கிறான்.