செவ்வந்திக் கல்லும் அதன் மதிப்பும்

மணிகளின் மதிப்பு அவற்றின் இயல்பிலேயே அமைந்து கிடப்பதென்பது பொதுவாக யாவரும் கொண்ட கருத்து. அக்கருத்து எத்துணைப் பொருந்துமென்பதைச் செவ்வந்திக் கல்லின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இதன் இயல்பை நோக்குவோம். செவ்வந்திக் கல் குவாற்சு எனப்படும் படிக இனத்தைச் சார்ந்தது. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தமைந்த இதன் வன்மை மோவின் அளவையில் 7, தன்னீர்ப்பு 2.65. உள்ளே சிறிதளவு கலந்துள்ள இரும்பும், சூழ்ந்த பாறைகளிலிருந்து எழும் இயற்கைக் கதிர்வீச்சுமே ஊதா நிறத்துக்குக் காரணமாம். மிக வெப்பமூட்டின் ஊதா மறைந்து பெரும்பாலும் மஞ்சள் நிறம் தோன்றும். மஞ்சட் படிகமென இன்று விற்கப்படுவனவற்றுட் பல இவ்வாறு வெப்பமூட்டிய செவ்வந்திக் கற்களே.

எகிப்தியர் கி.மு. 2000 ஆம் ஆண்டளவில், அசுவான் நகருக்குத் தென்கிழக்கிலுள்ள பாலைநிலத்தில் இக்கல்லை அகழ்ந்தனர். அரசர் அனுப்பிய குழுவினர் பொறித்த கல்வெட்டுக்கள் ஆங்குக் கண்டறியப்பட்டுள்ளன. கிரேக்கர் இதற்கிட்ட பெயர் 'வெறியூட்டாதது' எனப் பொருள்படும். இதனை அணிந்தார்க்கு மதுமயக்கம் உண்டாகாதென்பது பண்டை நம்பிக்கை. கி.பி. 79 இல் இறந்த உரோம அறிஞர் பிளினி அந்நம்பிக்கையைப் பொய்யெனத் தள்ளினார். ஆயினும், இந்தியக் கற்களே இவ்வினத்துள் தலைசிறந்தனவென எழுதினார். கொங்குநாட்டுக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளிற் செவ்வந்திக் கல்மணிகளும் கிடைத்தமை இவண் நினைக்கத்தக்கது. பதிற்றுப்பத்துட் கூறப்படும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர்.

இடைக்கால ஐரோப்பாவில் இக்கல் ஆயர்களின் மோதிரங்களை அணிசெய்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் உருசியப் பேரரசி இரண்டாம் கதரீன் யூரல் மலைக் கற்களைப் பெரிதும் விரும்பினார். நற்கற்கள் கிடைத்த இடங்கள் சில, வேண்டுவோர் பலர். ஆதலின் விலை உயர்ந்து நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறேசிலிலும் உருகுவேயிலும் பெரும் படிவுகள் வெளிப்படவே, அவ்விலை வீழ்ந்தது.

கல்லின் வன்மையோ நிறமோ அன்று குறைந்துவிடவில்லை. கிடைக்கும் அளவும், அதனைப் பற்றிய மக்களின் எண்ணமுமே மாறின. இயல்பை ஆராய்தல் விஞ்ஞானியின் பணி. மதிப்பு ஏறியிறங்கிய காரணங்களை ஆராய்தல் வரலாற்றாசிரியன் பணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வார், கல்லுக்கு இல்லாத ஆற்றலுக்கும் விலை கொடுப்பர்.