சமாதானத்தின் விதிவிலக்குகள்: வெர்சாய் 1919, சவானா 1936

1

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது வருஷங்களைப் பற்றி நமக்குச் சொல்லித் தரப்பட்ட கதை ஒன்றுண்டு. 1919இல் வெர்சாயில் ஜெர்மனியை அவமானப்படுத்தினார்கள். 1925இல் லோகார்னோவில் கை குலுக்கிக்கொண்டார்கள். 1928இல் பாரீசில் கூடிப் போரையே சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். 1938இல் மூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். மறுவருஷம் போர் வந்துவிட்டது. பள்ளிப் பாடப்புத்தகம் தொடங்கி நம் தோழர்களின் பிரசுரங்கள் வரை ஏறக்குறைய இதே கதைதான். மேசையைச் சுற்றி ஐரோப்பியக் கனவான்கள்; நாம் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள்.

ஏம்பலத்துக்காரனுக்கு இந்தக் கதை ஒட்டவில்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் மறுபடி புதுச்சேரி. இந்தத் துண்டு துண்டான எல்லை யாரோ எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் மிச்சம். 1814 பாரீஸ் ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: பிரான்ஸ் இங்கே கோட்டை கட்டக்கூடாது, போலீஸ் வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைத்துக்கொள்ளக் கூடாது. அதாவது, வெளி எதிரியோடு சண்டை போட முடியாது. உள்ளூர் ஜனங்களை அடக்கிக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

2

வெர்சாய் ஒப்பந்தத்தை ஒரு பிரதியாக வாசிக்க முயல்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அதுதான் தெரியும்.

அதன் பதின்மூன்றாம் பகுதி முழுக்கத் தொழிலாளர் சம்பந்தப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) அங்குதான் பிறக்கிறது. சமூக நீதியை அடித்தளமாகக் கொண்டால்தான் நிலையான சமாதானம் சாத்தியம் என்று அப்பகுதி ஆரம்பிக்கிறது. திடீர்க் கருணை ஒன்றுமில்லை. 1917இல் ரஷ்யாவில் நடந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பிரான்ஸ் அவசர அவசரமாக 1919 ஏப்ரலிலேயே தன் நாட்டுக்கு எட்டு மணி நேரச் சட்டம் போட்டுவிட்டது.

427ஆம் ஷரத்து, உழைப்பை வெறும் சரக்காக ‘மட்டும்’ கருதக்கூடாது என்கிறது. இந்த ‘மட்டும்’ என்ற சொல்லில் நான் நின்றுவிடுகிறேன். உழைப்பு சரக்கல்ல என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சரக்குதான், ஆனால் சரக்கு மட்டுமில்லை என்கிறது பிரதி. அதே ஷரத்து தட்பவெப்பம், பழக்கவழக்கம், பொருளாதார நிலை ஆகியவை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ஒரே மாதிரியான விதி கஷ்டம் என்றும் சொல்லிக்கொள்கிறது. 421ஆம் ஷரத்து இன்னும் வெளிப்படை: தொழிலாளர் உடன்படிக்கைகளைக் காலனிகளிலும் அமல்படுத்த வேண்டும், உள்ளூர் நிலைமை இடம் கொடுக்காவிட்டால் விட்டுவிடலாம் அல்லது மாற்றிக்கொள்ளலாம். உள்ளூர் நிலைமையைத் தீர்மானிப்பது யார்? உள்ளூர்க்காரன் இல்லை.

3

அதே வருஷக் கடைசியில் வாஷிங்டனில் கூடிய ஐ.எல்.ஓ.வின் முதல் மாநாடு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை: தொழிற்சாலைகளில் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். பத்தாம் பிரிவில் மட்டும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வாரம் அறுபது மணி நேரம்.

இந்தியா அப்போது ‘உறுப்பு நாடு’. வெர்சாயில் இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர்கள் இருவர்: இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு, பிகானீர் மகாராஜா கங்கா சிங். பிரெஞ்சு இந்தியாவுக்கு அந்த வேஷமும் கிடையாது. பிரான்ஸ் போட்ட கையெழுத்தே அதற்கும் சேர்த்து.

ஆக, எங்கள் பக்கத்து வரப்புக்கு இந்தப் பக்கம் ‘உள்ளூர் நிலைமை’. அந்தப் பக்கம் அறுபது மணி நேரம். வரப்பின் மேலேயே நின்றவர்களுக்கோ இரண்டும் இல்லை. உடன்படிக்கை தொழிற்சாலைக்குத்தான், கழனி வேலை அதில் சேராது. இருட்டோடு நடவுக்குப் போன தலித் பெண்களின் நேரத்தை எந்த ராஜதந்திரியும் எண்ணவில்லை.

4

1936 மே மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் ஜெயித்தது. லியோன் ப்ளூம் பிரதமர். வேலைநிறுத்தங்களின் நெருக்குதலில் ஜூனில் சட்டங்கள் வந்தன: சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை, வாரம் நாற்பது மணி நேர வேலை.

புதுச்சேரியில் சவானா, ரோடியர், கப்ளே மில் தொழிலாளர்கள் கேட்டது அதைவிடக் குறைவு. வெர்சாய் பதினேழு வருஷத்துக்கு முன் எழுதிவைத்த எட்டு மணி நேரம், கூடவே சங்கம் வைக்கும் உரிமை. வ. சுப்பையாவும் அவருடைய தோழர்களும் அவர்களைத் திரட்டியிருந்தார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு இந்திய அரசின் துப்பாக்கிகள் சுட்டன. பன்னிரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். பாரீசில் நாற்பது மணி நேரச் சட்டம் வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆட்சி அதே இடதுசாரி ஆட்சிதான். 1814 ஒப்பந்தம் அனுமதித்த அந்த அளவான படை எதற்கு என்பது தெரிந்துபோயிற்று.

1937 ஏப்ரலில் ஆணை வந்தது. எட்டு மணி நேரமும் சங்க உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே முதலில் என்று மேடைகளில் சொல்வார்கள்; அந்தப் பந்தயம் எனக்கு முக்கியமில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் 1934 சட்டப்படி வாரம் ஐம்பத்துநான்கு மணி நேரமாக இருந்தது. நாற்பத்தெட்டுக்கு வர 1946 ஆயிற்று. வெர்சாயின் ஷரத்தைப் புதுச்சேரியில் அமல்படுத்தியவர்கள் ராஜதந்திரிகள் அல்லர். செத்துப்போன அந்தப் பன்னிரண்டு பேரும், கூட நின்றவர்களும்தான்.

அதற்காகத் தாள்கள் வீண் என்று சொல்லமாட்டேன். ‘எட்டு மணி நேரம்’ என்று ஒரு தாளில் ஏறிவிட்டதால்தான் அதைச் சலுகையாகக் கெஞ்சாமல் பாக்கியாகக் கேட்க முடிந்தது. ஒப்பந்தம் தருவது உரிமையை அல்ல, கேட்பதற்கு ஒரு வாசகத்தை.

5

கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சு இந்தியர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. 1938இல் திறந்தது. ஜூலை 14க்கு விளக்கு, மரியாதை எல்லாம் உண்டு. பதினாறு நாள் கழித்து வருகிற ஜூலை 30ஐத் தொழிற்சங்கங்கள்தான் நினைவில் வைத்திருக்கின்றன. அந்த மில்களோ 2020இல் மூடப்பட்டுவிட்டன.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு ‘விலக்கு’ அளிக்க அரசுக்கு அதிகாரம் தருவது அது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். 1919இன் இலக்கணம் அப்படியே இருந்தது: விதியைத் தொடவில்லை, விதிவிலக்கைச் சேர்த்தார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி கம்பெனி வேனில் காலை ஆறரைக்குப் போய் ராத்திரி எட்டுக்கு வருகிறான். காண்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரம்தானே சட்டம் என்று கேட்டேன். சிரித்தான். “அதெல்லாம் கவர்மெண்ட் வேலைக்குண்ணே” என்றான்.

அவன் சொன்னது 421ஆம் ஷரத்து. அவனுக்கு அது தெரியாது. ஜூலை 30ஐ அவனிடம் சொல்ல வேண்டிய வேலை நம்முடையது.