வாய் நுண்ணுயிர்களும் உடல்நலமும்: எந்தச் சான்று நிற்கிறது?

1910இல் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் பேசிய பேச்சு, அன்றைய பல் மருத்துவத்தின் மேல் இடியாக விழுந்தது. சீழ் பிடித்த வேர்களின் மேலேயே தங்க உறைகளையும் பாலங்களையும் மாட்டி மூடிவிடுகிறார்கள், உள்ளே தேங்கும் அந்தச் சீழ்தான் இரத்தசோகையாகவும் வயிற்றுக் கோளாறாகவும் நரம்புத் தளர்ச்சியாகவும் வெளிப்படுகிறது என்று அவர் குற்றம்சாட்டினார். ஓரிடத்தில் பதுங்கிய தொற்று உடலின் வேறிடங்களில் நோய் செய்யும் என்ற இந்தக் கருத்தைச் சிகாகோ மருத்துவர் ஃபிராங்க் பில்லிங்ஸ் முழுக் கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூட்டுவலி என்று போனவர்கள் பல்லில்லாமல் வீடு திரும்பினார்கள். நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநோய் மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், பைத்தியத்துக்கும் தொற்றே காரணம் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். பிறகு தொண்டைச் சதை, அதன்பின் குடல். குடல் அறுவையில் பலர் இறந்தார்கள். தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் அவர் எடுத்தார் என்பதிலிருந்து, அவரை ஓட்டியது பேராசையல்ல, கண்மூடித்தனமான நம்பிக்கை என்று தெரிகிறது.

இக்கோட்பாட்டை ஒருகாலத்தில் ஆதரித்த மருத்துவர் ரஸல் செசிலே, 1938இல் சக ஆய்வாளர் ஆஞ்செவைனோடு சேர்ந்து 200 முடக்குவாத நோயாளிகளின் கதையைத் திரும்பிப் பார்த்தார். பல் பிடுங்கியதாலும் தொண்டைச் சதை எடுத்ததாலும் மூட்டு குணமாகவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதன்பின் மருத்துவ உலகம் எதிர்த்திசையில் அதே வேகத்தோடு ஓடியது. வாய்க்கும் உடலுக்கும் தொடர்பு என்று பேசுவதே வெட்கக்கேடாயிற்று. 1840இல் பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரி தொடங்கியபோதே இரு துறைகளும் பிரிந்திருந்தன. செசிலுக்குப் பின் நடுவே மதிலே எழுந்துவிட்டது.

1989இல் பின்லாந்தின் மட்டிலாவும் அவர் குழுவினரும், மாரடைப்பு வந்தவர்களின் வாய் மற்றவர்களின் வாயைவிட மோசமாக இருந்ததைக் காட்டியதும் மதிலில் விரிசல் விழுந்தது. இன்று நிலைமை தலைகீழ். இதய நோய், நீரிழிவு, குறைப்பிரசவம், அல்சைமர், பெருங்குடல் புற்றுநோய் என ஈறு நோயோடு முடிச்சுப் போடப்படாத நோயே இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. இந்த உற்சாகத்தில் பாதி நியாயமானது. மறுபாதி, ஹன்டர் காலத்துப் பிழையைப் புதுக் கருவிகளோடு திரும்பச் செய்கிறது. இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும் என்பது என் வாதம்: வாயை மாற்றிப் பார்த்தபோது உடலில் ஏதேனும் மாறியதா? இந்தக் கேள்வியோடு சோதனைகளைப் படித்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. நன்மை கிடைத்த இடங்களில் பெரும்பாலும் வேலை செய்தது தூரிகையும் சுரண்டு கருவியும்தான். கிருமிநாசினியால் வாயைத் துடைத்தெடுக்கும் முயற்சி பலமுறை ஏமாற்றியிருக்கிறது, சிலமுறை கெடுதலும் செய்திருக்கிறது.

முதலில், வாயில் குடியிருப்பவை எவை? 1683இல் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக் தம் பல்லிடுக்கு வெள்ளைப் படிவை மழைநீரில் கரைத்து, கையால் தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே பார்த்தார். அவர் தினமும் உப்பால் பல் தேய்ப்பவர். நம் பாட்டிமார்களுக்கு நெருங்கிய சொந்தக்காரர்போலத் தோன்றுகிறார். அப்படித் தேய்த்த வாயிலும் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிவதை அவர் கண்டார். இன்று மனித வாயில் ஏறத்தாழ 700 பாக்டீரிய இனங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவை தனித்தனியே மிதப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, தாமே சுரந்த பசையில் புதைந்து, படலமாக வாழ்கின்றன. பாஸ்டனின் ஃபோர்சைத் நிறுவனத்தில் சிக்மண்ட் சாக்ரன்ஸ்கி 1998இல் இவற்றை, யார் யாரோடு கூடி வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்து வண்ணக் குழுக்களாகப் பிரித்தார். ஈறு நோயோடு நெருங்கியவை சிவப்புக் குழு. அதன் தலைமை உறுப்பினர் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்.

இந்தக் கிருமியைப் பற்றி 2011இல் ஹாஜிஷெங்காலிஸ் குழுவினர் எலிகளில் கண்டது, வாய் நுண்ணுயிர்களை நாம் எப்படி எண்ண வேண்டும் என்பதையே மாற்றியது. எண்ணிக்கையில் மிகச் சொற்பமாக இருந்தும் அது மொத்தக் கூட்டத்தின் சமநிலையைக் குலைத்து, தாடை எலும்பு கரையக் காரணமாயிற்று. வேறு நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளிலோ, அதே கிருமியால் தனியாக எலும்பைக் கரைக்க முடியவில்லை. ஊரைக் கெடுக்க அதற்கு ஊரே தேவைப்பட்டது. ஆகவே ஒரு கிருமியைக் கொன்றால் நோய் தீரும் என்ற காலராக்கால எண்ணம் இங்கே செல்லாது.

ஈறைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், நலமான வாயில் மூன்று மில்லிமீட்டருக்குள் தடுத்து நின்றுவிடும். நோயுற்ற வாயில் நான்கு, ஆறு, எட்டு என்று இறங்கிக்கொண்டே போகும். கம்பியை எடுத்ததும் ஈறோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்து, அடுத்த பல்வரை கோடாக ஓடும். அந்தப் பையின் உட்சுவர் முழுவதும் புண். ஈறு நோயாளியின் வாயில் இப்படி உள்ளங்கையளவு திறந்த புண் இருப்பதாக அடிக்கடி எழுதுகிறார்கள். கவனமாகக் கணக்கிட்டவர்கள் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்கிறார்கள். மிகைப்படுத்தாமலே அது போதுமான அளவுதான். காலில் அவ்வளவு பெரிய புண்ணோடு எந்தச் சர்க்கரை நோயாளியையும் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

இந்தப் புண் வழியே நுண்ணுயிர்கள் இரத்தத்துக்குள் நுழைவது உறுதியான உண்மை. 290 பேரிடம் லாக்ஹார்ட் குழுவினர் செய்து 2008இல் வெளியிட்ட சோதனையில், நுண்ணுயிர்க்கொல்லி எடுக்காமல் பல் பிடுங்கியவர்களில் 60 விழுக்காட்டினரின் இரத்தத்தில் இதயத் தொற்று உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்கள் அகப்பட்டன. வெறுமனே பல் தேய்த்தவர்களில் 23 விழுக்காடு. பல் பிடுங்குவது வாழ்நாளில் சிலமுறை. பல் தேய்ப்பது தினமும். பழுதுபட்ட இதய வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்கும் நாளில் கொடுக்கும் மாத்திரையைவிட, தேய்க்கும்போது இரத்தம் கசியாத ஈறு முக்கியம் என்பது இதிலிருந்து நேரே வருகிறது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கும் நம் நாட்டில் இதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

மாரடைப்பு விஷயத்தில் இவ்வளவு உறுதி கிடையாது. ஈறு நோய்க்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு உண்டு, புகை முதலியவற்றைக் கழித்தாலும் அது மிஞ்சுகிறது, ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சொன்னது. டொனெட்டி குழுவினரின் 2007 ஆய்வு இங்கே சுவையானது. தீவிர ஈறு சிகிச்சைக்கு மறுநாள் இரத்தக்குழாய்களின் விரியும் திறன் குறைந்தது; ஆறு மாதத்தில், சாதாரணச் சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. குழாய் மேம்படுவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறைப்பிரசவம் இதைவிடக் கடுமையான பாடம். 1996இல் ஆஃபன்பாக்கர் குழுவினர் ஈறு நோயோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டியதும் நம்பிக்கை பொங்கியது. 2006இல் 823 கர்ப்பிணிகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறைப்பிரசவத்தில் வேறுபாடே இல்லை. ஆனால் அதே சோதனை, கர்ப்பகாலத்தில் ஈறு சிகிச்சை பாதுகாப்பானது என்பதையும் காட்டியது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பல்லில் கை வைக்கக்கூடாது என்ற நம் வீட்டு அச்சத்துக்கு அது நல்ல பதில். அல்சைமரிலும் இதே கதைதான். நோயாளிகளின் மூளையில் ஜிஞ்சிவாலிஸின் நொதிகள் இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்தோ, 2021இல் முடிவு வந்த பெரிய சோதனையில் மறதியின் போக்கை மாற்றவில்லை. பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் குடியிருப்பதை 2012இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. கட்டி கல்லீரலுக்குப் பரவும்போது அதுவும் கூடவே போகிறது என்று 2017இல் தெரியவந்தது. இந்த வழக்கு வலுவானது. வாயைச் சீராக்கினால் புற்று குறையுமா என்ற கேள்வியை அது இன்னும் கடக்கவில்லை.

நுரையீரலுக்கு வருவோம். இங்கே கிருமி செல்லும் பாதையில் மர்மம் ஏதுமில்லை. தூக்கத்தில் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்குகிறது. ஜப்பானின் 11 முதியோர் இல்லங்களில் யோனேயாமா குழுவினர் இரண்டாண்டு நடத்திய சோதனை 1999இல் வெளியானது. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்கள் முதியோரின் வாயைத் தேய்த்துவிட்டார்கள். அவர்களில் நிமோனியா கண்டவர்கள் 11 விழுக்காடு; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 19. இதை முடிந்த முடிவாக எடுக்க முடியவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் 36 இல்லங்களில் தூரிகையோடு குளோர்ஹெக்ஸிடினும் சேர்த்துச் செய்த சோதனையில் பயன் தெரியவில்லை, 2015இல் அது ஏமாற்றத்தோடு முடிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சான்று இன்னும் திடமானது. செயற்கை சுவாசக் குழாய் பொருத்தியவரின் வாயில் இரண்டொரு நாளிலேயே வழக்கமான குடிகள் பின்வாங்கி, மருத்துவமனைக் கிருமிகள் இடம்பிடிக்கின்றன. இதற்கு மருந்தாகப் பல ஆண்டுகள் உலகெங்கும் குளோர்ஹெக்ஸிடினால் வாயைத் துடைத்தார்கள். தொகுத்துப் பார்த்தபோது பயன் ஐயத்துக்கிடமாயிற்று. மரணம் கூடியிருக்கலாம் என்ற அச்சமும் எழுந்தது. 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதைக் கைவிட்டுப் பல் தேய்ப்பைப் பரிந்துரைத்தது. 15 சோதனைகளைத் தொகுத்து 2023 இறுதியில் வெளியான ஆய்வு, தினமும் பல் தேய்த்துவிட்டவர்களிடம் மருத்துவமனை நிமோனியா மூன்றிலொரு பங்கு குறைவு என்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பும் குறைந்திருந்தது. சில ரூபாய்த் தூரிகையும் ஒரு செவிலியரின் சில நிமிடங்களும் செய்யும் வேலை இது. அந்த நிமிடங்களுக்கு ஆள் ஒதுக்குவதுதான் நம் மருத்துவமனைகளில் கடினம் என்பது வேதனையானது.

வாய் நுண்ணுயிர்களைக் கொல்வதால் இழப்பு என்ன என்பதற்கு இரத்த அழுத்தம் தெளிவான எடுத்துக்காட்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய உண்டு. குடலில் உறிஞ்சப்பட்ட நைட்ரேட்டில் ஏறத்தாழக் கால்பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து இழுத்து மறுபடி வாய்க்கே அனுப்புகின்றன. நாக்கின் பின்புறப் பள்ளங்களில் வாழும் வெயில்லோனெல்லா, ரோத்தியா, நெய்சீரியா போன்றவை அதை நைட்ரைட்டாக்கித் தருகின்றன. நம் செல்களால் அந்த வேலையை அவ்வளவாகச் செய்ய முடியாது. விழுங்கிய நைட்ரைட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. ஸ்டாக்ஹோமின் லுண்ட்பெர்க், வைட்ஸ்பெர்க் ஆகியோர் இந்தச் சுற்றுப்பாதையை விளக்கியவர்களில் முதன்மையானவர்கள். 2008இல் லண்டனில் பீட்ரூட் சாறு குடித்தவர்களின் அழுத்தம் இறங்கியது. எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னபோது அந்த இறக்கம் மறைந்தது. 2013இல் 19 ஆரோக்கியமானவர்களை ஒரு வாரம் கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளிக்கச் சொன்னார்கள். இரத்தத்தில் நைட்ரைட் கால்பங்கு குறைந்து, அழுத்தம் 2 முதல் 3.5 அலகு ஏறியது. தனி மனிதருக்கு இது அற்பம். ஆனால் மருத்துவத் தேவையே இல்லாமல் மாதக்கணக்கில் கிருமிநாசினியால் கொப்பளிப்பவர் தம் கூட்டாளிகளையே அழிக்கிறார் என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. ஈறு அறுவைக்குப் பின் ஓரிரு வாரம் எழுதித்தரும் மவுத்வாஷ் வேறு விஷயம், அதற்கு இடமுண்டு.

நம்மை மிக நெருங்கித் தொடுவது நீரிழிவு. சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும் என்பது பழைய செய்தி. ஈறு கெட்டால் சர்க்கரை ஏறுமா என்பதே கேள்வி. ஈறுப் புண்ணிலிருந்து கசியும் அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும் என்பது விளக்கம். 2013இல் 514 பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனை பயனில்லை என்றது. ஆனால் அதில் சிகிச்சைக்குப் பின்னும் பலரின் ஈறு சரியாகவில்லை; சரியாகாத ஈறை வைத்துக்கொண்டு சர்க்கரை குறையவில்லை என்பது பாதி விடைதான். 2018இல் லண்டனில் 264 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தீவிரமாகச் சிகிச்சை செய்து ஓராண்டு தொடர்ந்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி மற்றவர்களைவிட 0.6 விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. 35 சோதனைகளைத் தொகுத்த 2022 காக்ரேன் ஆய்வும் சில மாதங்களில் 0.43 புள்ளி குறைவு என்று கணக்கிட்டது. எல்லா நோய்களையும் எடுத்துக்கொண்டால், என் கேள்விக்குச் சோதனை வழியே தெளிவான 'ஆம்' கிடைத்தவற்றில் இது முன்வரிசையில் நிற்கிறது.

இருந்தும் நம் சர்க்கரை மருத்துவமனைகளில் கண்ணின் விழித்திரையைப் பார்க்கிறார்கள், பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் தேடுகிறார்கள். வாயைத் திறக்கச் சொல்பவர் அரிது. நோயாளியின் பக்கத்திலும் ஒரு தடை உண்டு: ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம். அது வெறும் மூடநம்பிக்கையல்ல, கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. எலும்பு கரைந்த பல்லை இத்தனை நாள் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டியிருந்தது பல்லில் இறுகிய காரை. காரையை எடுத்ததும் கட்டு அவிழ்கிறது, ஏற்கெனவே ஆடிய பல்லின் ஆட்டம் வெளியே தெரிகிறது. இதை முன்கூட்டியே ஒரு நிமிடம் சொன்னால் பெரும்பாலோர் இரண்டாம் முறையும் வருவார்கள்.

2021 முதல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். "பல் தேய்க்கும்போது இரத்தம் வருதாம்மா? எந்தப் பல்லாவது ஆடுதா?" என்று அவர்கள் கூடுதலாகக் கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். ஆம் என்று சொன்னவரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் பல் மருத்துவரிடம் அனுப்பி, மில்லிமீட்டர் கம்பி காட்டும் அளவை எச்.பி.ஏ1சி எழுதும் அதே ஏட்டில், அதற்குப் பக்கத்துக் கட்டத்திலேயே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில், ஒரே மருத்துவரின் கண்ணில் படட்டும்.