தோட்டத்துத் தளவரிசையும் தண்ணீரும்

அரபு மொழியில் 'பலாத்' என்னும் சொல் கல் பாவிய தரையைக் குறிக்கும். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி அப்பெயரால் ஓரிடம் இருந்தது. அங்கே ஒட்டகத்தைக் கட்டி வைப்பது குறித்து இமாம் புகாரீ (ரஹ்) தம் ஹதீஸ் தொகுப்பில் தனித் தலைப்பே இட்டுள்ளார். கி.பி. 732இல் பிரான்சு மண்ணில் நிகழ்ந்த போரை அரபு வரலாற்றாசிரியர்கள் 'பலாத்துஷ் ஷுஹதா' என்றழைப்பதும் இச்சொல்லைக் கொண்டே. தமிழில் இதற்குத் 'தளவரிசை' என்னும் அழகிய சொல் உண்டு. இன்று அதனை ஆள்வோர் அரியர்.

தோட்டத்துத் தளவரிசையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் முகலாயர். இந்துஸ்தானத்தில் ஓடும் நீர் இல்லையே எனப் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் வருந்தினார். ஆகவே அவர் வழியினர் அமைத்த தோட்டங்களில் கல்லும் நீரும் சேர்த்தே திட்டமிடப்பட்டன. டெல்லியில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஹுமாயூன் கல்லறைத் தோட்டம் இதற்குச் சான்று. ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்பில், கல்லால் அமைந்த நடைபாதைகளும் அவற்றினூடே குறுகிய நீர்க்கால்களும் தோட்டத்தைப் பகுக்கின்றன. 1997 முதல் 2003 வரை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் இதனைப் புதுப்பித்தபோது, 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்னும் நுண்ணிய சரிவில் நீர்க்கால்கள் மீண்டும் பதிக்கப்பெற்றன. மழைநீர் நிலத்தில் இறங்க 128 உறிஞ்சு குழிகளும் தோண்டப்பெற்றன.

இதனினும் கருதத்தக்கது கல்லறையின் கீழ்மேடை. அங்கே பாவப்பட்டிருந்த கற்களுள் சில 1,000 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையவை. அத்தளம் ஆங்காங்கே அமிழ்ந்து மேடுபள்ளமானபோது, 1940களில் அதன் மீது கான்கிரீட்டைப் பரப்பி மூடிவிட்டனர். 2013இல் நிறைவுற்ற பணியில் அக்கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, கற்களை உயர்த்தி, மட்டம் பார்த்து மீண்டும் பதித்தனர். அமிழ்ந்த கல்லைத் தூக்கி அடிமண்ணைச் சீராக்கினால் அதே கல் மறுபடியும் பயன்படும். விரிசல் கண்ட கான்கிரீட்டையோ உடைத்துத்தான் எறிய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நம் சங்கரன்கோவில் வட்டாரத்திற்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். இங்கு ஐப்பசி, கார்த்திகை மழையே கிணற்றுக்கு ஆதாரம். தமிழக அரசு 2003இல் கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆயினும் புதுமனை கட்டுவோர் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் பூசிவிட்டு, மூலையில் பெயருக்கு ஒரு குழி வெட்டுகின்றனர். 'பேவர் பிளாக்' பதிப்போரும் அடியில் கான்கிரீட் போட்டுவிடுவதால் இடுக்கின் வழியே இறங்க வேண்டிய நீர் தெருவுக்குப் பாய்கிறது.

வண்டி நிற்கும் இடத்திற்கு மட்டும் உறுதியான அடித்தளம் போதும். நடைபாதைக்குச் சொரசொரப்பான கருங்கற் பலகைகளை மணற்படுக்கையில் விரல் இடைவெளி விட்டுப் பதிக்கலாம். இடுக்கில் சரளையோ மணலோ நிரப்பலாம். வழவழப்பாக மெருகிட்ட கல் மழையில் வழுக்கும். முதியோர் உள்ள வீட்டில் அது வேண்டாம். சரிவு தெருவை நோக்கியன்றி, தென்னை, முருங்கையின் பாத்தியை நோக்கியே அமைய வேண்டும். கொத்தனார் மட்டப்பலகையை எடுக்குமுன்பே இதனைச் சொல்லிவிடுவது நன்று. பெரும்பாலும் அவர் கை தெருப்பக்கமே சரிவு வைத்துப் பழகியது.